முழங்கால் தெரிந்த படம்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கலியாணமாகி மஹய்யாவையிலிருந்து பிலிமத்தலாவைக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் வழக்கமே கிடையாது. இங்கே, கண்டி வீதியோரத்தில், முன்பக்கம் மாமாவின் புத்தகக் கடை. பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியும். மாமியார் என் கலியாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா நாள் முழுவதும் காசு லாச்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். மகன் கொப்பிகளை அடுக்குவார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிரிஸ்டல் போர்ட் அட்டை வெட்டிக் கொடுப்பார், மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்பார். பருப்பு அடிப்பிடித்த அன்றும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் சீனி டின்னைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்ன அட்டை இருந்தது. விளையாட்டுச் சீட்டு அளவுதான். கறுப்பு மையில் ஒரு படம். புகை மண்டிய குசினியில் ஒரு பெண் சட்டி மூடியால் விசிறிக்கொண்டு நிற்கிறாள். தலைமுடி காக்கைக் கூடு மாதிரி. மூக்கு நுனியில் கரி. அடியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. கோபப்படுவதா என்று யோசிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் அவருடைய கால்கள் தெரிந்தன. நான் சிரிக்கிறேனா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு அப்படியான அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அரிசி வாளியில், தலையணை உறைக்குள், நான் அம்மா வீட்டுக்குப் போகும் பையின் அடியில். எல்லாம் கடையில் வெட்டி மிஞ்சிய பிரிஸ்டல் போர்ட் துண்டுகள். மைப்புட்டியில் தொட்டு வரையும் பழைய பேனா ஒன்று வைத்திருந்தார். நான் பஸ்ஸில் தூங்கி வழிந்தது, கோழியைத் துரத்தி விழுந்தது, மாமாவுக்குத் தெரியாமல் ரேடியோ ஸ்டேஷனை மாற்றியது என்று எதையும் விடமாட்டார். ஒன்றிலாவது என்னை அழகாக வரைந்ததில்லை. ஆனால் என்னை அவ்வளவு கவனமாக வேறு யாரும் பார்த்ததுமில்லை. நான் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன்.

மை அவருடைய வலது நடுவிரலின் ஓரத்தில் ஊறிப் போயிருந்தது. தேசிக்காய்ப் புளி தேய்த்தாலும் போகாது. மாமா ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது அதைச் சொல்வார். "கரி அள்ளுறவன் கை மாதிரி இருக்கு தம்பி. கழுவிட்டு உக்காரு."

கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

*

எண்பதுகளின் கடைசி அது. அந்தக் காலத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது எல்லாம் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளில்தான் நடந்தது. காலையில் கடைப் பலகையை எடுக்கும்போது நிலத்தில் ஒரு துண்டு கிடக்கும். இன்றைக்குக் கடை திறக்காதே என்று கையால் எழுதியிருக்கும். யார் போட்டது என்று தெரியாது. மூடினால் ஆர்மிக்காரர்கள் ஜீப்பில் வந்து ஏன் மூடினாய் என்று அடிப்பார்கள். திறந்தால் மறுபடி துண்டு வரும். மூன்றாவது துண்டு வருவதற்குள் சில கடைக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். சிலரால் போக முடியவில்லை.

பேராதனையில் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். ஆற்றில் உடல்கள் மிதக்க ஆரம்பித்ததும் ஆற்று மீன் வாங்குவதை ஊரில் எல்லோரும் நிறுத்தினார்கள். ஏன் என்று ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. மீன்காரன் வருவான், கூவுவான், யாரும் வெளியே வரமாட்டார்கள். சில காலைகளில் கண்டி பஸ் ஒரு வளைவில் மட்டும் வேகமாகப் போகும். ஜன்னலோரம் இருக்கிறவர்கள் மடியைப் பார்த்துக்கொள்வார்கள். நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் தமிழர்கள். இது சிங்களவர்களுக்குள், அரசாங்கத்துக்கும் அதை எதிர்க்கும் பையன்களுக்கும், நடக்கிற சண்டை, நமக்கு ஒன்றுமில்லை என்று மாமா ஆரம்பத்தில் சொன்னார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையின் முன்பக்கம் முழுவதும் எரிந்து, திரும்பக் கட்டியவர் அவர். இந்த முறை நம்மைத் தேடி வரமாட்டார்கள் என்று நம்ப ஆசைப்பட்டார்.

ஆனால் வந்தார்கள். சுவர்களில் இரவோடு இரவாகக் கையெழுத்துப் போஸ்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். சாதாரண உடுப்பில் இரண்டு பேர் கடைக்குள் வந்து, தூரிகை, மை, பிரிஸ்டல் போர்ட் யார் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார்கள்.

"ஸ்கூல் பிள்ளைங்க மாத்தயா" என்றார் மாமா.

ஒருவன் தட்டிலிருந்து கறுப்பு இந்தியன் இங்க் புட்டி ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். பிறகு மூடாமலே வைத்துவிட்டுப் போனான்.

அவர்கள் போனதும் மாமா கடையிலிருந்த மைப்புட்டிகள் எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் ஊற்றினார். மழையில்லாத நாள். கானில் தண்ணீர் மெல்லத்தான் ஓடியது. மை அப்படியே கறுப்பாக எங்கள் வீட்டைத் தாண்டி, பக்கத்து பேக்கரியைத் தாண்டி ஊர்ந்து போனது. அதைப் பார்த்ததும் மாமா குசினிக்கு ஓடினார். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டுவந்து கான் நெடுகக் குனிந்து குனிந்து தூவினார். நானும் தூவினேன். பேக்கரிக்கார அக்கா தன் பின்வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய் அவரும் ஒரு வாளி சாம்பலோடு வந்தார்.

அந்த அக்கா சிங்களவர். கணவர் இல்லை. பேக்கரியைத் தனியாக நடத்தினார். என்னை நங்கி, தங்கச்சி, என்று கூப்பிடுவார். பல்கலைக்கழகம் மூடியதால் அவருடைய ஒரே மகன் வீட்டில் இருந்தான். பாண் சுடும் போறணை அடுப்பிலிருந்து அதை வெளியே இழுக்கும்போது மட்டும்தான் அவனைப் பார்க்கலாம். மெலிந்த பையன். சின்ன வயதில் போறணைக் கதவு பட்டு இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அவன் ஏதாவது செய்தானா, எதிலாவது சேர்ந்திருந்தானா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

அந்த இரண்டு பேரும் மறுபடி வந்து கேட்டபோது, கடையில் இப்போது மை இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். எல்லாப் புட்டிகளையும் அவர் ஊற்றிவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில நாள் கழித்து, குசினியில் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் ஒன்று இருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"இது ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

*

நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கால் இரண்டும் வீங்கிவிடும். பின்னேரங்களில் குசினியில் ஸ்டூலைப் போட்டு, அலுமினியப் பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு காலை உள்ளே வைத்திருப்பேன். கையில் அம்பரெல்லாக் காயும் உப்பும் மிளகாய்த்தூளும். யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்.

ஒரு காலை, தேத்தண்ணீர்க் கோப்பையின் அடியில் ஒரு அட்டை இருந்தது. நான்தான். பேசினில் கால். பூசணிக்காய் மாதிரி வயிறு. அம்பரெல்லாவைக் கடித்த புளிப்பில் ஒரு கண் மூடி, வாய் கோணி, தோள் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கிறது. முழங்கால் இரண்டும் அப்பட்டமாகத் தெரிகின்றன. கால்விரல்களைக்கூட வீக்கத்தோடு ஒவ்வொன்றாக வரைந்திருந்தார். வயிற்றுக்குள்ளே, கோடுகளுக்கு நடுவில் உற்றுப் பார்த்தால், ஒரு சின்ன முகம். அதுவும் புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடையிலிருந்து மாமா, "என்ன புள்ள?" என்றார். "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லி அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் அன்று சாமான் எடுக்கக் கண்டிக்குப் போனார். போகும்போது "இன்னைக்கும் காலைத் தண்ணியில வை" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்கு முன்பே பேக்கரி அக்கா எங்கள் பின்வாசலால் வந்தார். மா வாங்கக் கண்டிக்குப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார். கையில் பை இல்லை.

"நங்கி, உட்கார்" என்றார். எனக்கு உட்கார முடியவில்லை.

அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே பஸ்ஸில்தான் போயிருக்கிறார்கள். பேராதனைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, ஆண்கள் எல்லோரையும் இறக்கி, வரிசையில் நிற்கவைத்துக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே கையைப் பார்த்திருக்கிறார்கள்.

"விரலைப் பிடிச்சுத் தேய்ச்சுப் பார்த்தாங்க. போகல. அப்படியே ஜீப்ல ஏத்திட்டாங்க. நான் இறங்கி, எங்க ஊர்க் கடைக்காரர், நல்ல மனுஷன்னு சொன்னேன். என்னைப் பஸ்ஸில ஏறச் சொன்னாங்க."

மாமா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "மையா?" என்று இரண்டு தரம் கேட்டார். "அந்த மையா?"

எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு பாதையில், யாரோ பணக்காரர் விட்டுப்போன பெரிய வீட்டில் ஆர்மி முகாம் இருந்தது. மாமா சட்டையை மாட்டினார். அக்கா அவரைத் தடுத்தார்.

"ஆம்பிளை போனா ஆம்பிளையும் உள்ளதான். நங்கியும் நானும் போறோம்."

பெரிய பையன் ஒருவனை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் தாய், தன் காலால் அந்த முகாமுக்கு நடந்து போவது எப்படிப்பட்ட காரியம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. நான் என் பயத்துக்குள் இருந்தேன். பாதையெல்லாம் என் நெஞ்சில் அட்டையின் மூலை குத்திக்கொண்டே இருந்தது.

*

அந்த வீட்டின் முன்விறாந்தையில் அந்தூரியம் பூச்சாடிகள் வரிசையாக இருந்தன. யாரோ தவறாமல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. நாற்பது வயதிருக்கும், மெல்லிய குரல். எங்களைக் கண்டதும் எனக்கு ஒரு கதிரை போடச் சொன்னார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"உங்க புருஷன் விரலில் மை. கடையில் மை இல்லைன்னு உங்க மாமனார் போன கிழமை சொல்லியிருக்கார். அப்ப எங்க இருந்து வந்த மை?" சிங்களத்தில், பள்ளிக்கூட மாஸ்டர் கேட்பது போலத்தான் கேட்டார்.

"படம் வரைவாரு மாத்தயா."

"என்ன படம்?"

"என் படம்."

"எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்றாங்க" என்றார்.

நான் திரும்பி நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். வியர்வையில் ஒரு மூலை மெதுவாகியிருந்தது. மை கலையவில்லை.

அவர் எடுத்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். யாருமே பார்க்கக்கூடாத ஒன்றை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துக்குள்ள ஒரு முகம் இருக்கு" என்றார் அதிகாரி. அவர் அதைக் கண்டுபிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். கீழ் உதடு வீங்கியிருந்தது, சட்டையில் பொத்தான்கள் இல்லை. என்னை அங்கே கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசையில் தள்ளினார்.

"இவங்களை வரை. இப்ப. நான் பார்க்கணும்."

முதல் கோடு நடுங்கியது. இரண்டாவதும். பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். அறையில் பேனா கீறும் சத்தம் மட்டும். முடிந்ததும் அதிகாரி அதை என் பக்கம் திருப்பினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, போர்த்திய சேலையோடு ஒரு பெண். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"நல்ல கை" என்றார் அதிகாரி. "கூட்டிட்டுப் போங்க." இரண்டு படங்களையும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளி வைத்தார். நான் அட்டையைக் கேட்கலாமா என்று தயங்குவதைக் கண்டு, "இது இங்க இருக்கட்டும்" என்றார். "தேவைப்பட்டா ஆள் அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்து குளித்ததும் அவர் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார். கோழி துரத்தினது, பஸ்ஸில் தூங்கினது, புகையில் விசிறினது.

"ஒண்ணாச்சும் வைங்க" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றார். மை பட்ட இடம் கடைசியாகத்தான் எரியும் என்று அன்றைக்குக் கண்டேன். அட்டை சாம்பலான பிறகும் கோடுகள் கொஞ்ச நேரம் தனியாகத் தெரிந்தன.

*

அடுத்த கிழமை ஜீப் வந்தது. கைது செய்வதற்கில்லை, லொக்கு மாத்தயா, பெரிய அதிகாரி, வரச் சொன்னார் என்றார்கள். பேனாவையும் கொண்டுவரச் சொன்னார்கள். மாமா லாச்சியைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் என் வீட்டுக்காரரைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடி இல்லை. தேத்தண்ணீர்கூடக் கொடுத்தார்களாம். அவர் நேரே குசினிக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். கலியாணமானதிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

அங்கே தலையில் சாக்கு போட்ட ஒருவனைக் கதிரையில் உட்காரவைத்திருந்தார்களாம். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தனக்குத் தெரிந்த ஒருவனுடைய முகத்தைச் சொல்லவேண்டும். இவர் வரையவேண்டும். பெயர் அவனுக்குத் தெரியாது, முகம்தான் தெரியும்.

"ஒல்லி முகம்னான். வரைஞ்சேன். காது கொஞ்சம் வெளிய நிக்கும்னான். வரைஞ்சேன். அப்புறம், இடது புருவத்துல நடுவுல வெட்டு இருக்கும்னான்."

நான் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு அப்பால்தான் போறணை. அதன் சூடு எப்போதும் எங்கள் பக்கம் தெரியும்.

"அதையும் வரைஞ்சீங்களா?"

"அவன் சொன்னத மட்டும் வரைஞ்சேன். நான் பார்த்தத வரையல." விரலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "தாடை எப்படின்னு கேட்டேன். சாதாரணமா இருக்கும்னான். சாதாரணமா போட்டேன். வேற யாரோ மாதிரி வந்துச்சு. சாக்குக்காரன், கிட்டத்தட்டதான், ஆனா இவன் இல்லேன்னான். நாளைக்கு வந்து சரி பண்ணுன்னு அதிகாரி சொல்லிட்டாரு."

"நாளைக்கும் அதே மாதிரி போடுங்க."

"முடியாது" என்றார். "ஒவ்வொரு நாளும் பாண் வாங்குறப்ப பார்த்த முகம். நாளைக்கு அவன் இன்னும் ஒண்ணு ரெண்டு சொன்னான்னா என் கை தானா வரைஞ்சிடும். நிறுத்த எனக்குத் தெரியாது."

நான் எழுந்து பாண் வாங்கப் போனேன். பேக்கரியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை பணிஸ் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா எனக்குப் பாணைப் பழைய பத்திரிகையில் சுற்றும்போது, "அக்கா, மல்லியை இன்னைக்கே எங்கயாச்சும் அனுப்பிடுங்க" என்று சொன்னேன். மல்லி என்றால் தம்பி. அவர் கை நிற்கவில்லை. சுற்றிய பாணை இன்னொரு தாளில் மறுபடி சுற்றினார்.

கொஞ்ச நேரத்தில், பட்டப்பகலில், பாண் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று எங்கள் கடைக்கு முன்னால் போனது. ஓட்டுகிறவன் தொப்பியை இழுத்து விட்டிருந்தான். கடுகண்ணாவைப் பக்கம் போனான். பெட்டி காலியாக இருந்ததால் ஒவ்வொரு பள்ளத்திலும் மூடி தடதடவென்று அடித்தது. அக்கா வாசலுக்கு வரவில்லை.

*

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து, கீல் பக்கத்து இடுக்கில் வலது கையின் இரண்டு விரலை வைத்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"கதவைச் சாத்து" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் "மாட்டேன்" என்றேன்.

"நானா இழுத்தா பாதியில விட்டுடுவேன். ஜீப் வந்திரும். சாத்து."

"ஊரைவிட்டுப் போயிடலாங்க."

"நாம ஓடினா அவனைத் தேடுறத விட்டுட்டு நம்மளத் தேடுவாங்க. பக்கத்து வீட்டயும் தேடுவாங்க."

நான் கதவின் பிடியில் கை வைத்தேன். தள்ள முடியவில்லை. அப்போது மாமா பின்னால் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். என் கையைப் பிடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"நீ கடைக்குப் போ புள்ள. பலகையை எடு."

நான் முன்னால் போய் முதல் பலகையைத் தூக்கினேன். பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது. ஒரே தரம். அவர் கத்தவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தரம் புரண்டது. மாமா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அடியில் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

ஜீப்பில் வந்த சிப்பாய், மஞ்சள் பூசிச் சுற்றிய துணியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். மத்தியானம் அதிகாரியே வந்தார். கடைக்கு முன்னால் இரண்டு பேரை நிறுத்திவிட்டு, தனியாக உள்ளே வந்து, விரல்களைப் பார்த்தார். நகம் இரண்டும் கறுத்து, தோல் பிளந்திருந்தது.

"எந்தக் கதவு?"

நான் காட்டினேன். அவர் பின்கதவைத் திறந்தார். சாத்தினார். மறுபடி திறந்து, கீல் பக்கம் குனிந்து பார்த்து, மெதுவாகச் சாத்தினார். அப்புறம் வேகமாக ஒரு தரம். ஒவ்வொரு தரத்துக்கும் மாமாவின் உடம்பு அசைந்தது. அதை அவர் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நல்ல கதவு" என்றார். "இறுக்கமா மூடுது."

திரும்பிப் போகும்போது கடைத் தட்டிலிருந்து கலர் பென்சில் பெட்டி ஒன்றை எடுத்தார். "என் மகளுக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எப்ப பிள்ளை?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

"அதுக்குள்ள விரல் ஆறிடும். பிள்ளையோட ஒரு படம் வரையச் சொல்லுங்க. நான் வந்து பார்க்கிறேன்."

அந்த வார்த்தைதான் எங்களை அங்கிருந்து கிளப்பியது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்று மாமா சொன்னார். அவர் கடையைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். நாங்கள் மஹய்யாவைக்குப் போனோம். அங்கே எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஜீப் எந்த முனையில் வந்தாலும் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஒவ்வொரு தரமும் என் வீட்டுக்காரர் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார். மகள் பிறந்தாள். என் அண்ணன் விளையாட்டாக, "மருமகளை ஒரு படம் வரைங்க மாப்பிள்ளை" என்றபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். விரல் ஆறிக்கொண்டு வந்தது. ஆற ஆற எனக்குப் பயம் கூடியது. பிள்ளையின் முகத்தைவிட அந்தக் காயத்தைத்தான் நான் தினமும் முதலில் பார்த்தேன்.

அதிகாரி வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பெரிய வீடு காலியாகக் கிடக்கிறது என்று மாமா சொல்லியனுப்பினார். அதிகாரியை வடக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள், வேறு மாதிரியும் சொன்னார்கள். நான் அங்கே போய்ப் பார்க்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததெல்லாம் என்னவாயிற்று என்று யாரிடம் கேட்பது?

ஊர் கொஞ்சம் அடங்கியதும் பிலிமத்தலாவைக்குத் திரும்பினோம். பேக்கரி நடந்துகொண்டிருந்தது. மகனைப் பற்றி அக்காவும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று அவருடைய முகத்தில் தேடுவேன். ஒன்றும் தெரியாது. எங்களிடம் பாணை மட்டும் இரண்டு தாளில் சுற்றித் தருவார்.

மகளுக்குக் காது குத்திய அன்று பக்கத்து வீட்டார், சொந்தக்காரர்கள் என்று வீடு நிறையப் பேர். அக்கா பின்வாசலால் பட்டர் கேக் ஒன்றோடு வந்தார். அவருக்குப் பின்னால் தாடி வைத்த ஒருவன். புருவத்தைக் கண்டபின்தான் அடையாளம் தெரிந்தது. மாத்தளைப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்வதாகவும், அன்று மட்டும் வந்ததாகவும் அக்கா சொன்னார். முன்னறையில் உட்காரச் சொன்னோம். அவன் வரவில்லை. குசினியில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு வாசலும் தெரியும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

என் வீட்டுக்காரர் அவனுக்குச் சோறு போட்டார். கரண்டியை இடது கையால்தான் பிடிப்பார். வலது கையில் இரண்டு விரலும் முழுதாக மடங்குவதில்லை.

"கையில என்ன முதலாளி?" என்று அவன் சிங்களத்தில் கேட்டான். அக்கா அவனுக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

"கதவு இடுக்கில மாட்டிக்கிச்சு" என்றார் அவர். "குழம்பு ஊத்தட்டுமா?"

அவன் தலையாட்டினான். அக்கா வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பிப் போகும் கண்டி பஸ்ஸின் சத்தம் தூரத்தில் கேட்டதும், அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்காமலிருந்தும், "எழும்பு, போதும்" என்றார். அவன் அப்படியே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.